அவன் பெயரில் ஊதும் சங்கு

மார்ச் 4

மருமகளுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பவர்கள்தான் கையில் இருக்கும் வேலையை உதறிவிட்டுப் போவார்கள். அதனால் நீ நலமாகத்தான் இருப்பாய்.

மகளுக்கு ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு பெட்டி எடுத்தபோதே எனக்குச் சந்தேகம். இப்போது சின்னவன் வந்து சொல்கிறான். மில் குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனிடம் யாரோ, "என்னப்பா, உங்க அண்ணி பேப்பர் போட்டுட்டாங்களாமே, வீட்ல சொல்லலயா?" என்று கேட்டார்களாம். அவன் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். மில் முழுக்கத் தெரிந்த பிறகு மாமியாருக்குத் தெரிகிறது.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நானும் கேட்க வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவேன். சின்னவனை எழுதச் சொன்னால் காரமானதையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தை எழுதுவான். அதனால் மூன்றாம் வகுப்பு எழுத்தில் நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போகும். சொல்ல வந்தது நேராகத்தான் இருக்கும்.

அந்த வேலை யாருடையது? என் மூத்தவன் காய்ச்சலில் போனபோது மில்காரர்கள் வந்தார்கள். போனவர் இடத்தில் வீட்டில் ஒருவருக்கு வேலை தருகிறோம், யாருக்கு என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார்கள். அன்றைக்கு இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தீர்கள். மடியில் குழந்தையோடு நீ. அப்போதுதான் மீசை முளைத்திருந்த என் சின்னவன். உன் பெரியம்மா என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டே, என் ஜன்னலுக்குத் திரை இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் மறக்கவில்லை. "பொண்ணு படிச்சவ, அவளுக்கே குடுத்துடுங்க சம்பந்தி" என்றாள். கொடுத்தேன். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று நானும் சின்னவனும் கையெழுத்துப் போட்டோம். பேனாவை வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இன்றைக்கும் தினக்கூலி. நீ கம்ப்யூட்டர் பிரிவுக்கே மேனேஜர் ஆனாய். நான் ஒரு நாளாவது பொறாமைப்பட்டேனா? பட்டேன். வெளியில் காட்டவில்லை.

இப்போது என் பிள்ளையின் நாற்காலியைக் காலி செய்துவிட்டு, ஊர் ஊராகப் போய் யோசனை சொல்லப் போகிறாயாம். யோசனை சொல்வது ஒரு வேலையா? எங்கள் தெருவில் அதைச் செய்யாத ஆளே கிடையாது. ஒருத்தருக்கும் அதற்குச் சம்பளம் வந்ததில்லை.

பதில் எழுது. எழுதாவிட்டால் அதையும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

அத்தை


மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் பேத்திதான் வாங்கினாள். உறையைப் பார்த்ததுமே, "அம்மா, பாட்டி செம கோவத்துல இருக்காங்க. பேனா பேப்பரக் கிழிச்சிருக்கு பாரு" என்றாள். பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

உங்களிடம் சொல்லாமல் வந்தது தப்பு. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது மேஜையில் அவர் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. என்னால் அதன் மேல் கை வைத்து எழுத முடியவில்லை. பிறகு மேஜையை மாற்றினார்கள், பெயர்ப்பலகையை மாற்றினார்கள். ஆட்கள் மட்டும் "அவர் சீட்டுல போய்க் கேளுங்க" என்று சொல்வதை மாற்றவில்லை. நான் வேலையைத் தரையிலிருந்து கற்றேன். என் கீழ் ஆறு பேரை வளர்த்தேன். ஒருமுறை மொத்த மில்லும் நின்றபோது, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் நான்தான் அதைத் திரும்ப ஓடவிட்டேன். பெரிய மேனேஜர் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அவரோட கைராசி உங்களுக்கும் வந்துருச்சும்மா." நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அவருக்கு முப்பத்திரண்டு வயதோடு நின்றுவிட்டது. எனக்கு நாற்பத்தேழு. அவர் இப்போது என்னைவிடச் சின்னவர் அத்தை. இன்னும் சில வருடம் போனால் எனக்குப் பிள்ளை வயது. அவர் இடத்தில் உட்கார்ந்து நான் மட்டும் வயதாகிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே செய்யப்போவது இதுதான். ஒரு கம்பெனிக்குப் போய் அவர்கள் கம்ப்யூட்டர் வேலைகள் எப்படி நடக்கின்றன என்று சில வாரம் பார்க்க வேண்டும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அடுத்த இடம். நான் யாருடைய மனைவி என்று யாரும் கேட்பதில்லை. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தம்பி கையெழுத்துப் போட்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். வயதுக் கணக்கைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அதைப் பற்றி நான் பேசமாட்டேன். நீயும் இனிமேல் எழுதாதே. பெற்றவளுக்கு அந்தக் கணக்கு உனக்கு முன்னாலேயே தெரியும்.

நாற்காலி போகட்டும். சங்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அது யாருடையது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் மில் சங்கை வாட்ச்மேன்தான் ஊதுவான். அவன் தூங்கிப் போனால் ஊரே தாமதம். அப்புறம் உன் புருஷன் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி, அதுவே நேரம் பார்த்து ஊதுகிற மாதிரி செய்தான். முதல் நாள் ஊதியபோது இங்கே வாசலில் என்னோடு நின்றான். "அம்மா, இனிமே சங்கு ஊதுறது நான்தான். வீட்ல இருந்தாலும் நான்தான் ஊதுறேன்" என்றான். அவன் போன மறுநாள் காலையிலும் ஊதியது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள், நான் வாசலுக்கு ஓடிப்போய் நின்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று உன் பெரியம்மா சொன்னாள். அதுவும் என் காதில் விழுந்தது.

அப்புறம் நீதான் சொன்னாய், "அது இன்னும் அவர் பேர்லதான் ஓடுது அத்தை, நான் எடுக்கல" என்று. வருஷா வருஷம் கணக்கைத் தணிக்கை செய்ய வருகிறவர்கள் இது யார் என்று கேட்பார்கள், அதைத் தொட்டால் மில்லே நின்றுவிடும் என்று பயமுறுத்தி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தாய். நீ எனக்குச் செய்ததிலேயே பெரியது அதுதான். சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ அங்கே உட்கார்ந்து பத்து பேருக்கு யோசனை சொல். இங்கே ஒருத்தன் அவன் பெயரை அழித்துவிட்டால் யார் கேட்பது? ஏதாவது செய்.

அத்தை


ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒரு மாதமாக வேறு ஊரில் இருந்தேன்.

சங்கு விஷயம் முடிந்தது. உங்கள் கடிதம் வந்த அன்றே, என் இடத்துக்கு வந்திருக்கும் புது மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். "மேடம், வேலைய விட்டுப் போனவர் லாகின் ஒண்ணு உயிரோட இருக்கே, எடுத்துடட்டுமா?" என்றார். வேண்டாம், சங்கு அதில் ஓடுகிறது, அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். மின்சாரம் போய் வந்தால் அந்தப் பெயரில் உள்ளே போய்த்தான் சங்கைத் திரும்ப ஓடவிட வேண்டும். அதனால் பாஸ்வேர்டையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் யாருக்கும் சொல்லாதது. வேலையை ஒப்படைத்தபோதுகூட நான் அதை வாய் திறக்கவில்லை. அவர் தன்மையானவராகத்தான் பேசினார்.

இந்த வேலை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கழுத்தில் "விருந்தினர்" என்று ஒரு அட்டை மாட்டிவிடுகிறார்கள். மீட்டிங் அறையில் ஒரு ஓர நாற்காலி. மில்லில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் "அக்கா, பிரிண்டர் நின்னுருச்சு", "அக்கா, ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு" என்று வருவார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இங்கே நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. முதல் வாரம் ஒரு மேஜைக்குக் கீழே ஒயர் கழன்று கிடந்தது. பழக்க தோஷம், குனிந்து மாட்டப் போனேன். என்னோடு வந்த சீனியர், "மேடம், அது நம்ம வேலை இல்ல. பாருங்க, எழுதுங்க, கை வைக்காதீங்க" என்றார். பாதி குனிந்தவள் நிமிர்ந்தேன். அந்த ஒயர் நான் கிளம்பும் வரைக்கும் அப்படியேதான் கிடந்தது.

போன வாரம் ஒரு பெண் மேனேஜர் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். அவள் லாகின் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டி, இவர் யார் என்று கேட்டேன். "அது மட்டும் வேண்டாம் மேடம், அதத் தொட்டா எல்லாம் நின்னுரும்" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் தணிக்கைக்காரர்களிடம் சொன்ன அதே வார்த்தை அத்தை. அது யார் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதத்தானே சம்பளம்?

உங்கள் மருமகள்


மே 9

மருமகளுக்கு,

சங்கைக் காப்பாற்றினாய். அந்த வகையில் உன் பேரில் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதி என்னோடுதான் இருக்கும்.

அந்தப் பெண் மேனேஜர் யாரை வைத்திருந்தாளோ. நீ கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டாவது எழுதியிருக்க வேண்டும்.

இங்கே சின்னவன் ஒரு மாதிரி இருக்கிறான். கூடுதல் நேரம் பார்த்துவிட்டுத்தான் வருகிறான், ஆனால் கொண்டுவருவது குறைகிறது. என்னடா என்றால் "லோடு கம்மிம்மா" என்கிறான். லோடு கம்மி என்றால் தோள் ஏன் இப்படிக் கன்றிப்போயிருக்கிறது? கேட்டால் எழுந்து போய்விடுகிறான். வாய் பேசாத பிள்ளை. மூத்தவனுக்கு வாய், இவனுக்குத் தோள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்னொன்று கேள்விப்பட்டேன். மில்லை வாங்கியிருக்கும் புது முதலாளி, கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்து எழுதிக் கொடுக்க வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கிறாராம். உன் கம்பெனி ஆட்கள்தானாம். நீயும் வருவாய் என்கிறார்கள்.

வந்தால் நல்லது. நீயே வந்து நீயே பார்த்து, எல்லாவற்றையும் எழுது. அந்த ஒரு பெயரை மட்டும் எழுதாதே. இத்தனை வருஷம் மறைத்தவளுக்கு இன்னொரு தரம் மறைப்பது கஷ்டமா? நான் உன்னிடம் கேட்டு வாங்கியது எதுவும் இல்லை. யோசித்துப் பார், இல்லை. இதைக் கேட்கிறேன்.

அத்தை


ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

மில்லுக்கு வந்துவிட்டுப் போனேன். உங்களைப் பார்க்க வரவில்லை. தெரு முனை வரை வந்தேன். நீங்கள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். ஏன் என்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

மறைத்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். சத்தியமாக. என் பழைய அறையிலேயே விருந்தினர் அட்டையோடு உட்கார வைத்தார்கள். அவர் பெயரில் என்னென்ன நடந்திருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, சங்கு மட்டும்தான், தொந்தரவு இல்லை என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தேன்.

சங்கு மட்டும் இல்லை அத்தை. ஏப்ரலிலிருந்து, தினக்கூலி ஆட்களின் கூடுதல் நேரத்தை அவர் பெயரில் உள்ளே போய் யாரோ குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கூலிச் செலவு குறைந்துவிட்டது என்று புது முதலாளிக்குக் காட்டுவதற்காக. செய்தவர் சொந்தப் பெயரில் செய்தால் மாட்டிக்கொள்வார். இறந்தவர் பெயரில் செய்தால் யாரைக் கேட்பது? குடோன் ஆட்கள் ஒருவர் விடாமல் குறைத்திருக்கிறது. தம்பியின் நேரமும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் பக்கத்தில் "திருத்தியவர்" என்று உங்கள் மகன் பெயர்.

நான் பாஸ்வேர்டைக் கொடுத்த ஆள்தான். கொடுத்தவள் நான். அதையும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். குறைத்த நேரத்தை எல்லோருக்கும் திரும்பச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், சேர்ப்பார்கள்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அவர் பெயரை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மாற்றி யாரிடம் கொடுப்பது? நான் அங்கே இருந்தவரை, தினமும் காலையில் பார்த்துக்கொண்டேன். இப்போது நானே அங்கே இல்லாதவள். இல்லாதவள் ஒருத்தி இல்லாத ஒருவருக்குக் காவல் இருக்க முடியாது அத்தை.

எழுதிக் கொடுத்திருந்தால் போதும், மில் ஆள் யாராவது அழித்திருப்பார்கள். எங்களுக்குக் கை வைக்க அனுமதியும் இல்லை. இதை மட்டும் நான் செய்கிறேன் என்று கேட்டேன். சீனியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை மாலைச் சங்கு ஊதி முடியும் வரை காத்திருந்தேன். அது அவர் ஊதியது. அப்புறம் அவர் பெயரை எடுத்தேன். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. எல்லாப் பெயருக்கும் கேட்கிற கேள்விதான் அது. எனக்கு அது தெரியும். ஆனாலும் உடனே பதில் தட்ட முடியவில்லை.

சங்கு நிற்காது. கூரை மேல் இருப்பது அதே சங்குதான். சனிக்கிழமை காலையிலிருந்து புது மெஷின் அதை ஊதுகிறது.

என்னை மன்னியுங்கள் என்று எழுத மாட்டேன். உங்களால் முடியாது என்று தெரியும்.

உங்கள் மருமகள்


ஜூன் 3

மருமகளுக்கு,

மில்லுக்கு வந்தாயாம். சின்னவன் கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். இங்கே வீட்டில்தான் நான் இருக்கிறேன், எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறாய். இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, என் மண்டையே போதும்.

ஆனாலும் இந்தக் கடிதம் திட்டுவதற்காக இல்லை.

நீ கிளம்பிப் போன பிறகு எனக்கு ஒரே நினைப்புதான். அழித்துவிட்டாளோ, அதனால்தான் முகத்தைக் காட்டாமல் போய்விட்டாளோ என்று. சனிக்கிழமை விடியும் முன்பே வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊதியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஞாயிறும் கேட்டேன். இன்றைக்கும் கேட்டேன். அவன்தான். சங்கு முடியும்போது சட்டென்று நிற்காமல் ஒரு இழுப்பு இழுக்கிறது பார், அது அவன் வைத்தது. வெளியிலிருந்து என்னைக் கூப்பிடும்போது கடைசியில் அப்படித்தான் இழுப்பான். வேறு யாராவது ஊதினால் எனக்குத் தெரியாதா? பெற்ற காது.

நீ விட்டுவைத்துவிட்டாய். என் சொல்லைக் காப்பாற்றினாய். மீதி இருந்த கோபத்தையும் விட்டேன். இந்த வீட்டில் நான் யாரிடமும் கோபத்தை முழுசாக விட்டதில்லை, உன் மாமனாரிடம்கூட. உன்னிடம் விட்டேன்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு தரம் வா.

அத்தை


ஜூன் 13

மருமகளுக்கு,

நான் எழுதியதும் நீ எழுதியதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ என் கடிதத்தைப் படித்தபோது என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். உன் கடிதத்தைப் படித்தபோது நான் என்ன செய்தேன் என்று நீயும் கேட்காதே.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். படித்து முடித்துவிட்டுச் சின்னவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "உன் நேரத்தக் கொறச்சது உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியும்" என்றான். சம்பளச் சீட்டிலேயே இருந்ததாம். மற்ற ஆட்கள் எல்லாம் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். இவன் மட்டும் போகவில்லை.

"ஏன்டா போகல? உன் ஒழைப்பு தானே?" என்றேன்.

"அதுல அண்ணன் பேரு போட்ருந்துச்சும்மா" என்றான். "அண்ணன் மேல நான் எப்படிம்மா புகார் குடுப்பேன்?"

அப்புறம் அவன் தோளில் மருந்து தேய்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்கிறவன், அன்றைக்குச் சொல்லவில்லை.

நீ செய்தது சரி என்று என் வாயால் வராது. அதை எதிர்பார்க்காதே. ஆனால் என் பிள்ளை பெயரில் என் பிள்ளையின் கூலி போய்க்கொண்டிருந்தது. நானோ அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று உன்னைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தேன். இதற்கு யார் மேல் கோபம் வைப்பது என்று தேடுகிறேன். அந்த மேனேஜர் மேல் வைத்தேன். போதவில்லை.

நீ போனவுடன் அவர்கள் வைத்த மெஷின் ஊதியதைத்தான் நான் சனியும் ஞாயிறும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்த இழுப்பு அவனுடையது இல்லை, இரும்பினுடையது. காற்று அடங்கும்போது எந்தச் சங்கும் அப்படித்தான் இழுக்கும் என்று சின்னவன் சொல்கிறான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாருடைய கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நாற்பது வருஷத்துக்கு ஒப்பிப்பேன். இது தெரியவில்லை.

நேரத்தையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சின்னவன் உன்னிடம் சொல்லச் சொன்னான். "அண்ணி தப்பா நெனைக்க வேணாம்னு எழுதும்மா" என்றான். எழுதிவிட்டேன்.

வருகிறேன் என்று பேத்தி போனில் சொன்னாள். வாருங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்தால் விடிவதற்குள் இறக்கிவிட்டுவிடுவான். உடனே வீட்டுக்கு வராதீர்கள். பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டு, காலைச் சங்கு ஊதி முடிந்த பிறகு வாருங்கள். அந்த நேரத்தில் நான் வாசலில் இருப்பேன். தெரிந்த பிறகும் இருப்பேன். அதை நீ பார்க்க வேண்டாம்.

அத்தை